ஒன்பதாம் மாடி மண்

"கடனை எந்தக் காசில எடுப்பம் அண்ணை?"

பத்து வருடங்களுக்கு முன்பு வீட்டுத் தரகர் ஞானேஸ்வரன் இப்படிக் கேட்டபோது கமலேஸ்வரி தேத்தண்ணிக் கோப்பைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். கொழும்பு வெள்ளவத்தையில் ஒன்பதாம் மாடியில் ஒரு வீடு கடனெடுத்து வாங்குவதென்று அன்று முடிவாகியிருந்தது. கேள்வி கணவன் புவனேந்திரனுக்கு உரியது. அவர் கதிரையில் சாய்ந்து, "இவவைக் கேளுங்கோ, கணக்கெல்லாம் இவதான் பாக்கிறவ" என்றார். கமலேஸ்வரி யோசிக்கவேயில்லை. லண்டனுக்கு வருமுன்னர் சுவிஸில் பேர்ண் நகரத்தில் ஒரு ஹோட்டலின் சலவை அறையில் விரிப்பு மடித்தே இளமையைக் கழித்தவள். ஊரிலிருந்த எல்லோருக்கும் அவள் அனுப்பிய சுவிஸ் பிராங்க் ஒருநாளும் குறைந்து போய்ச் சேர்ந்ததில்லை.

"சுவிஸ் காசில எடுங்கோ. அது விழாது."

"அக்காவுக்குத்தான் மூளை!" என்று ஞானேஸ்வரன் கைதட்டினார். "வட்டியும் அதிலதான் குறைவு."

விழாத காசில் சம்பளம் வாங்குவது வேறு, கடன் வாங்குவது வேறு என்று அந்த மேசையில் ஒருவரும் சொல்லவில்லை.

இப்போது கமலேஸ்வரி லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு பலசரக்குக் கடையின் பின்பக்கக் குசினியில் நின்று ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தாள். ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் பிரட்டிய கறியை மெல்லிய ரொட்டியின் ஓரத்தில் வைத்து, இரண்டு பக்கமும் மடித்து, இறுக்கிச் சுற்றினாள். மாக் கரைசலில் தோய்த்து ரஸ்க் தூளில் புரட்டி அடுக்கினாள். விரல் நுனிகளில் ரேகை அழிந்து தோல் வழுவழுத்திருந்தது. பிற்பகல் மனோர் பார்க்கில் ஞானேஸ்வரனின் கூட்டம். கொழும்பில் புதிதாக எழும்பும் மாடி வீடுகளையும் அதற்கான கடனையும் விற்கிற கூட்டம். ரோல்ஸ் அதற்குத்தான்.

"உன்னை மொட்டையடிச்சவனுக்கு நீயே ரோல்ஸ் சுத்துறாய்" என்றாள் குசினி முதலாளி பாலாம்பிகை, எண்ணெய்த் தாச்சியிலிருந்து கண்ணை எடுக்காமல். "உறைப்பைக் கொஞ்சம் கூட்டிவிடவோ?"

"வேண்டாம் அக்கா. பிறகு அதுக்கும் என்ர கூலியில கழிப்பியள்."

பாலாம்பிகை சிரித்தாள். கழிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை.

கமலேஸ்வரி உழைப்பது பவுணில். வெள்ளவத்தை வீட்டுக்கு வாடகை வருவது ரூபாயில். கடன் பிராங்கில். பிரெக்ஸிற் வாக்கெடுப்போடு பவுண் விழுந்தது. கொழும்பில் சனம் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருடம் ரூபாய் விழுந்தது. பிராங்க் மட்டும் அவள் சொன்னபடியே விழாமல் நின்றது. மாதம் தவறாமல் வட்டி கட்டியும், பவுணில் பார்த்தால் கடன் எடுத்ததைவிடப் பெருத்திருந்தது. அதற்கு ஈடு, மனோர் பார்க்கில் அவர்கள் குடியிருக்கிற வீடு. இந்த மாதத்துக்குள் ஒரு பெரிய பங்கைக் கட்டாவிட்டால் அந்த வீட்டை விற்றுவிடுவோம் என்று கடன் கம்பனி அறிவித்துவிட்டது. வெள்ளவத்தை வீட்டை யாராவது வாங்கினால்தான் இருக்கிற வீடு தப்பும்.

பதினொரு மணியளவில் ஞானேஸ்வரன் வந்தார். பட்டு வேட்டி, அதன் மேல் குளிர் கோட், நெற்றியில் மூன்று திருநீற்றுக் குறி. பொரித்து வைத்த ரோல்ஸில் ஒன்றை எடுத்துக் கடித்து, மிச்சத்தைத் தட்டிலேயே வைத்தார். கமலேஸ்வரி தோளில் போட்டிருந்த துணியை இழுத்து விரலைத் துடைத்தார்.

"தம்பி, எங்கட வீட்டுக்கு ஆள் கிடைச்சுதோ?"

"கிடைச்சிட்டுது அக்கா. சுஜீத் எண்டு ஒரு பெடியன், கம்பியூட்டர் வேலை. மனுசி சாருஜா, நேர்ஸ். புதுசு கட்டி முடியுமட்டும் அவையால பொறுக்கேலாதாம். உங்கட வீட்டைக் காட்டியிருக்கிறன். வாங்கினவை சந்தோசமா இருக்கினமோ எண்டு கேப்பினம். ஓம் எண்டு சொல்லுங்கோ. அவ்வளவுதான்."

"அவையும் கடனுக்கோ?"

"பின்னை? ஆர் அக்கா கையில காசை வைச்சுக்கொண்டு வாறது? டொலரில குடுக்கிறம். அமெரிக்கா கவிழுமே?" அவர் கைபேசியைப் பார்த்தபடி வாசலுக்குத் திரும்பினார். "அண்ணைக்கு முன் வரிசையில கதிரை போட்டிருக்கிறன். நீங்கள் தட்டோட வந்து சிரிச்சால் காணும்."

மண்டபத்தில் முதலில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். கடன் விற்கிற கூட்டத்துக்கு விளக்கு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார்கள். பிறகு ஞானேஸ்வரன் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு மண்ணைப் பற்றிப் பேசினார். இழந்த மண், பிள்ளைகளுக்கு விட்டுப் போக வேண்டிய மண். திரையில் மாடிக் கட்டடத்தின் படம் வந்தது. "ஒன்பதாம் மாடியில உங்களுக்கெண்டு ஒருபிடி மண்!" என்றார். ஒன்பதாம் மாடியில் மண் எப்படி வரும் என்றும் யாரும் கேட்கவில்லை. இரண்டாம் வரிசையில் ஒரு கிழவர் கண்ணைத் துடைத்தார்.

முன் வரிசையில் புவனேந்திரன் காலுக்கு மேல் கால் போட்டிருந்தார். வார நாட்களில் சூப்பர்மார்க்கெட் வாசலில் தள்ளுவண்டிகளைச் சேர்த்து உள்ளே தள்ளுகிறவர். இன்று நீல நிறக் கோட் சூட், நெஞ்சில் 'மதிப்புக்குரிய முதலீட்டாளர்' என்று ஒரு றிபன். தட்டோடு வந்த மனைவியைக் கண்டு, அறிமுகமில்லாதவர் போலத் தலையை மட்டும் அசைத்தார்.

"அங்க பாருங்கோ!" என்றார் ஞானேஸ்வரன். "குசினியில ரோல்ஸ் சுத்துற அக்காவே கொழும்பில வீடு வைச்சிருக்கிறா. படிச்ச நீங்கள் என்ன யோசிக்கிறியள்?"

எல்லோரும் திரும்பிக் கமலேஸ்வரியைப் பார்த்துக் கைதட்டினார்கள். அவளுடைய கைகள் தட்டில் இருந்தன.

தேநீர் நேரத்தில் சாருஜா அவளருகே வந்தாள். வேலையிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும். கோட்டுக்குள் ஆஸ்பத்திரிச் சீருடை தெரிந்தது. சுஜீத் பின்னால் நின்று ரோல்ஸைச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, உங்கட வீட்டைத்தானாம் எங்களுக்குப் பாக்கிறார். பிளேஸ்டோவில நாங்கள் இருக்கிற வீட்டை ஈடு வைக்கப் போறம். உண்மையைச் சொல்லுங்கோ, நீங்கள் சந்தோசமோ?"

முன் வரிசையிலிருந்து புவனேந்திரன் பார்த்துக்கொண்டிருந்தார். ஓம் என்று சொல்லு என்பதுபோல அவருடைய முகவாய் ஒருமுறை இறங்கி ஏறியது. கமலேஸ்வரி தட்டை மேசையில் வைத்தாள். சாருஜாவின் கண்ணுக்குக் கீழே நித்திரையில்லாத கறுப்பு. அவள் உழைப்பதும் பவுணில்தான்.

"வேண்டாம் பிள்ளை" என்றாள். "சம்பளம் ஒரு காசில, கடன் வேற காசில. சம்பளம் நிண்ட இடத்தில நிக்கும், கடன் தன்ர பாட்டில ஏறும். நாங்கள் கட்டிக் கட்டியே பெருத்துப் போச்சு. இருக்கிற வீடும் போகப் போகுது."

சாருஜா கணவனைப் பார்த்தாள். சுஜீத் வாயைத் துடைத்துக்கொண்டு சத்தமாகக் கூப்பிட்டான். "அங்கிள்! இந்த அன்ரி வேற மாதிரியெல்லோ சொல்லுறா!"

பேச்சுச் சத்தம் அடங்கியது. ஞானேஸ்வரனின் சிரிப்பு அசையவில்லை. ஒலிவாங்கியை மறுபடி எடுத்தார்.

"அக்கா சொல்லுறது நூறு வீதம் சரி. நல்ல காலம் சொன்னா. அக்கா எடுத்தது சுவிஸ் காசில. வேண்டாம் எண்டு நான் காலில விழாத குறை. கேட்டால்தானே? அண்ணை, நீங்களே சொல்லுங்கோ. சுவிஸ் காசு வேணும் எண்டு ஆர் கேட்டது?"

புவனேந்திரன் எழுந்தார். றிபனை நேராக்கினார். "இவதான்" என்றார்.

"மனுசியின்ர சொல்லைக் கேட்டு வீடு வாங்கினால் இதுதான் அண்ணை" என்றார் யாரோ. மண்டபம் சிரித்தது. பெண்களும் சிரித்தார்கள்.

"நீர் கைதட்டினனீர் தம்பி" என்றாள் கமலேஸ்வரி. "மூளை எண்டு சொல்லிக் கைதட்டினனீர்." பக்கத்தில் நின்ற இரண்டு பேருக்குக் கேட்டிருக்கும். அவர்கள் சட்னிக் கிண்ணத்தின் பக்கம் நகர்ந்தார்கள்.

"அதாலதான் நாங்கள் டொலரில மட்டும் குடுக்கிறம்" என்று ஞானேஸ்வரன் தொடர்ந்தார். "சுஜீத், உங்களுக்கு அந்தப் பழைய வீடு வேண்டாம். கொஞ்சம் பொறுங்கோ, புதுசிலேயே நல்லதா எடுத்துத் தாறன்."

மேடைக்குப் பக்கத்து மேசையில் பேனாக்களைப் பரப்பினார்கள். வரிசை உண்டானது. முன்னுக்கு நின்றவர்கள் எண்ணெய் விரல்களைக் கடதாசித் துணியில் துடைத்துவிட்டுப் பேனா எடுத்தார்கள். சுஜீத் சாருஜாவின் முழங்கையைப் பிடித்து வரிசைக்கு இழுத்தான். அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து பாஸ்போர்ட்டைத் தேடத் தொடங்கினாள்.

"என்ன நிக்கிறாய், ரோல்ஸ் ஆறுது" என்று மண்டபக் குசினிக் கதவிலிருந்து பாலாம்பிகை குரல் கொடுத்தாள்.

கமலேஸ்வரி தட்டை எடுத்துக்கொண்டு வரிசையோரமாக நடந்தாள். கைகள் வந்து எடுத்தன. அவள் வாசல் கதவடிக்கு வந்தபோது புவனேந்திரன் எதிரே வந்தார்.

"இனி எங்கப்பா போய் இருக்கிறது?" என்று கேட்டாள்.

அவர் தட்டைப் பார்த்தார். கருகாத இரண்டு ரோல்ஸைத் தெரிந்து எடுத்து, கடதாசித் துணியில் சுற்றி, கோட் பொக்கற்றுக்குள் வைத்தார். நீலத் துணியில் எண்ணெய் மெதுவாக ஊறி வட்டமாகப் பரவியது. அவர் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியே போனார்.