அண்ணியின் பாஸ்வேர்டு

அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கிறவருக்கு ஊழியர்கள் வைத்திருந்த பேர் வெடி. பேருக்கேற்ற ஆள்தான். ஒருத்தர் பாஸ்வேர்டை இன்னொருத்தர் தொட்டார் என்று தெரிந்தால் போதும், முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். "தெரியாம எதையாவது அமுக்கிட்டா மறைக்காதீங்க, நேரா என்கிட்ட ஓடி வாங்க" என்று கத்திக் கத்தித் தொண்டை தேய்ந்ததுதான் மிச்சம். கேட்டால்தானே!

அன்று காலை அந்த வெடிக்கே நன்றி சொல்லச் சொல்லி ஒரு மெயில் வந்தது. 'நம் கணினிகளைக் காப்பவருக்கு வாழ்த்து அட்டை. கையெழுத்திட உள்ளே வாருங்கள்.' ரிப்போர்ட் பிரிவில் உட்கார்ந்திருந்த குட்டிக்குச் சிரிப்பு வந்தது. பாவம், மனுஷன் ஒரு நாளாவது சந்தோஷமா இருக்கட்டுமே என்று அமுக்கினாள். பேரும் பாஸ்வேர்டும் கேட்டது, அடித்தாள். திரை ஒரு தரம் மினுக்கிவிட்டு வெறுமையாக நின்றது. அட்டையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

அப்புறம்தான் அனுப்பிய முகவரியைப் பார்த்தாள். அது கூடத்தின் முகவரியே இல்லை.

அதைவிடப் பெரிய வினை ஒன்று இருந்தது. அவள் அடித்தது தன் பேரும் பாஸ்வேர்டும் அல்ல, அண்ணியுடையவை. அண்ணிதான் அங்கே தலைமை டாக்டர். ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் அவர் தன் கண்ணால் பார்த்து 'சரி' கொடுத்த பிறகுதான் அது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆனால் அண்ணிக்கு மீட்டிங் முடிந்தால் மீட்டிங். "நீ என்ன வேத்து ஆளா, என் நாத்தனார்தானே" என்று 'சரி' போடும் வேலையையும் பாஸ்வேர்டையும் குட்டியிடமே கொடுத்துவிட்டார். நாள் முழுக்க அடித்து அடித்து அது குட்டியின் விரலிலேயே ஊறிப்போயிருந்தது.

ஓடிப்போய் அண்ணியின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள்.

"அடிப்பாவி!" அண்ணியின் முகம் வெளுத்தது. "வாயைத் திறக்காதே. உன்கிட்ட குடுத்தேன்னு தெரிஞ்சா என் வேலை போயிடும். இதோ, இப்பவே மாத்திடறேன், யாருக்கும் தெரியாது."

பழைய பாஸ்வேர்டை அடித்தார். தவறு என்றது. மறுபடியும் அடித்தார். தவறு. யாரோ முந்திக்கொண்டு மாற்றிவிட்டார்கள்.

"அவசரத்துல தப்பா அடிச்சிட்டேன் போல" என்றார் அண்ணி. இருவருக்குமே அது பொய் என்று தெரியும்.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் குட்டியின் திரை தெரிந்தது. யாரும் அதைத் தொடவில்லை. அப்படியும் காத்திருந்த ரிப்போர்ட் ஒன்று 'சரி' என்று பச்சையாக மாறியது. அடுத்து இன்னொன்று. ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் ஒருத்தரின் ரத்த வகை அது. வகையைத் திருத்திவிட்டு அனுப்பினால் கேட்பார் யார்? அந்த ஆளுக்கு வேறு வகை ரத்தத்தை ஏற்றிவிடுவார்களே!

"அண்ணி, நான் போய்ச் சொல்லிடறேன்."

"குட்டி, நில்லுடி! உங்க அண்ணன் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

அவள் நிற்கவில்லை.

வெடி ஏதோ வயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் விரல்கள் தட்ட ஆரம்பித்துவிட்டன. டாக்டரின் கணக்கைப் பூட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியை அடைத்தார். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "காலையில வந்த எங்க ரிப்போர்ட் எதையும் நம்பாதீங்க, மறுபடி அனுப்பறோம்" என்று ஒவ்வொரு வார்டாகச் சொன்னார். கடைசி வார்டில் ரத்தப் பையை மாட்டப் போகும் நேரத்தில் நிறுத்தினார்கள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினார். "டாக்டர் பாஸ்வேர்டு உன் கைக்கு எப்படி வந்துச்சு?"

"அவங்க அடிக்கும்போது பின்னால நின்னு பார்த்து வெச்சுக்கிட்டேன். அவங்களுக்குத் தெரியாது."

"பொய் சொல்றா." வாசலில் அண்ணி நின்றிருந்தார். "நான்தான் குடுத்தேன். வாயை மூடுன்னு சொன்னதும் நான்தான்."

வெடி இப்போது வெடிப்பார் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அவர் கத்தவே இல்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "மேலே சொல்லித்தான் ஆகணும், டாக்டர்" என்றார்.

"சொல்லுங்க. அவங்க முடிவு பண்றவரைக்கும் என் வேலையை நானே பார்க்கறேன். நிறையப் பேர் காத்திருக்காங்க."

வெடி டாக்டருக்குப் புதுக் கணக்குத் திறந்து கொடுத்தார். குட்டியைப் பார்த்து, "சாயந்திரம் வந்து சொல்லியிருந்தா நான் தலையில கையை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். ஓடி வந்தே பாரு, பெரிய உபகாரம்மா" என்றார். குட்டிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அண்ணி ரிப்போர்ட் மேசையில் வந்து உட்கார்ந்தார். குட்டி பழக்கதோஷத்தில் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். புதுப் பாஸ்வேர்டு அடிக்கும் கட்டம் வந்தது. அண்ணி இடது கையால் கீபோர்டை மறைத்துக்கொண்டார்.

"அந்தப் பக்கம் திரும்பிக்கோடி" என்றார்.

குட்டி திரும்பிக்கொண்டாள்.