மானும் வைப்பரும் நஸ்ரியாவின் சாட்சியும்

ஸப்வானின் கண்டுபிடிப்பைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வழக்கறிஞர் கட்சிக்காரர் முன் சிரிக்கக்கூடாதுதான். திருகோணமலை மான்கள் தெருவில் திரியும். ஸப்வானின் மரக்கறிக் கடைக்குள்ளும் தலையை விடும். ஆள் நுழைந்தால் மணியடிக்கும் கடைச் சென்சரையும் பழைய பஸ் வைப்பரையும் அவர் ஒன்றாகப் பூட்டியிருந்தார். மான் மூக்கை நீட்டினால் வைப்பரில் கட்டிய ஈரச்சாக்கு அங்குமிங்கும் ஆடும்.

காப்புரிமை கேட்டோம். கொழும்பிலிருந்து பரிசோதகர் சோமசேகரம் மறுத்து எழுதினார்: சென்சரும் பழையது, வைப்பரும் பழையது, இரண்டையும் சேர்ப்பது தொழில் தெரிந்த எவருக்கும் தோன்றும்; அப்படித் தோன்றுவதற்குக் காப்புரிமை கிடையாது.

செய்துகாட்டிய பிறகு எதுதான் தோன்றாது? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

ஸப்வானின் மனைவி நஸ்ரியா பக்கத்துக் கடையில் மின்சாமான்கள் திருத்துகிறவர். தொழில் தெரிந்தவர் வேறு யார்? அவரிடமே கேட்டேன்.

"கீர்த்தனி மிஸ், மூளை உள்ள ஒருத்தருக்கும் இது தோணாது. பஸ் ஹோர்னுக்கே அசையாத மான் சாக்குக்கு ஓடுமா? கரண்டுக்குத்தான் கேடு எண்டு முதல் நாளே சொன்னனான். வலையைக் கட்டினாச் சரி."

நான் துள்ளிக் குதிக்காத குறைதான். "இதை அப்பிடியே பரிசோதகரிட்டச் சொல்லுங்கோ!"

ஸப்வானின் முகம் சுருங்கிப்போனது. "ஏச்சுக்கு இனிச் சத்தியமும் பண்ணப்போறாவா? வேலை செய்யுது எண்டு இண்டுவரைக்கும் ஒரு சொல்லு சொல்லல்ல, மிஸ். எனக்கு அதுதான் கவலை."

விசாரணை என் அலுவலகக் கணினியில் நடந்தது. நஸ்ரியா உற்சாகமாகச் சாட்சி சொன்னார். கேட்காத குறைகளையும் சேர்த்துக்கொண்டார். ஸப்வான் கதிரையில் குறுகி உட்கார்ந்திருந்தார். பாவமாக இருந்தது.

திரையில் சோமசேகரம் தலையாட்டினார். "தொழில் தெரிஞ்ச நீங்களே வேண்டாமெண்டு சொல்லியிருக்கிறீங்கள். அப்ப இது எல்லாருக்கும் தோன்றுற விசயமில்லை. சரி, இதைக் கடையில பூட்டின பிறகு மான் வந்ததா?"

நஸ்ரியா என்னைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். கணவரைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார்.

"வரல்ல."

"அப்ப வேலை செய்யுதா?"

"செய்யுது," என்று முனகினார்.

மறுப்பை மீளப்பெறுவதாகச் சோமசேகரம் அறிவித்தார். வாழ்த்துச் சொல்லக் கையை நீட்டினேன். ஸப்வான் அதைக் கவனிக்கவேயில்லை. எழுந்துபோய்க் கணினிக்கு முன்னால் குனிந்தார்.

"சேர், இவ கடைசியாச் சொன்னது வடிவாக் கேக்கல்ல. இன்னொருக்காச் சொல்லச் சொல்லுங்கோ."