பேபி ரீச்சரின் படிவம்

லண்டனிலிருந்து வந்த விக்ரோரியாவுக்கு டெனிஷ் நகரமான ஹேர்னிங்கில் முதற்கோபம் மைக்கின் மேல் வந்தது. இரண்டு மணிக்குக் கூட்டம் என்றார்கள். தமிழ்ப் பள்ளிக்கூட நிர்வாகசபைத் தலைவர் நவரத்தினம் மூன்றே காலுக்கு மைக்கைப் பிடித்தார்; நாலு மணியாகியும் விடவில்லை. பிரித்தானிய ஆசிரியர் சங்கமொன்றின் முன்னாள் தலைவி விருந்தாளியாகக் கிடைத்தால் மனுஷன் சும்மா விடுவாரா?

கிழக்கு லண்டனில் கணக்குப் படிப்பிக்கப் போனது, நிறத்தைப் பார்த்துப் பதவியுயர்வை மறுத்த தலைமையாசிரியரோடு மல்லுக்கட்டி வென்றது, அந்தச் சூட்டோடு சங்கத்தின் கிளைச் செயலாளரானது, எண்பதுகளின் வேலைநிறுத்தத்தில் கொட்டும் மழையில் நின்றது, கடைசியில் தலைவியானது என்று ஒன்றும் விடாமல் வாசித்தார். போதாதென்று, விக்ரோரியா வாங்காத இரண்டு பட்டங்களையும் சேர்த்துவிட்டார்.

விக்ரோரியா பல்லைக் கடித்துக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்தார். போர் முடிந்து மூன்று கிழமை. வவுனியா முகாம்களில் முள்கம்பிக்குள் அடைபட்ட ஆசிரியர்களின் பட்டியலை அவருடைய சங்கம் நாளைக் காலை லண்டனில் ஓர் அமைச்சரிடம் கொடுக்கப்போகிறது. முழுப்பெயரும் பள்ளிக்கூடமும் சரியாக இருந்தால், இன்னாரை வெளியே விடும்படி இலங்கை அரசிடம் கேளுங்கள் என்று சொல்லலாம். இல்லாவிட்டால் அந்த ஆள் பட்டியலில் இல்லை. வன்னியில் படித்தவர்கள் ஹேர்னிங் பக்கம் நிறையப் பேர் என்று சித்தியின் மகள் தங்கராணி சொன்னதால்தான் பறந்து வந்திருந்தார்.

அந்த முகாமொன்றில் அவருடைய மச்சாளும் இருந்தார். அண்ணன் அந்தோனிதாசன் மே மாதம் செல்லடியில் செத்துப்போனார். அண்ணனின் மனைவி முல்லைத்தீவில் இருபத்தைந்து வருடம் படிப்பித்தவர்; இப்போது தனியே. ஆனாலும் சங்கத்தில் ஊறிய உடம்பு. தன் வீட்டு ஆளைக் கடைசியில் எழுதுவதுதான் முறை என்று விக்ரோரியா வைத்திருந்தார்.

ஒருவழியாகப் பொன்னாடையும் போர்த்தி முடிந்தது. தங்களுக்குப் படிப்பித்தவர்களில் முகாமில் இருப்போரை எழுதச் சொல்லி விக்ரோரியா படிவங்களைக் கொடுத்தார். அரை மணித்தியாலத்தில் நாற்பத்து மூன்று திரும்பி வந்தன. முதலாவதைப் பார்த்ததுமே அவருக்குத் தலை விறைத்தது. பெயர் என்ற இடத்தில் ‘கணக்கு ரீச்சர்’ என்றிருந்தது. அடுத்ததில் ‘வெள்ளைச்சீலை ரீச்சர்’. அதற்கடுத்ததில் ‘சைக்கிள் மாஸ்ரர்’.

“ஆர் இந்த வெள்ளைச்சீலை ரீச்சர்?”

பக்கத்து ஊரான இக்காஸ்டில் துணி ஆலையில் வேலை செய்யும் செல்வமலர் எழுந்தாள். “எங்கட ரீச்சர். சோதினை நேரம் தன்ர வீட்டில வைச்சுச் சோறும் தந்து படிப்பிச்சவ. சாகுமட்டும் மறக்கமாட்டன்.”

“பேர் என்ன?”

“ரீச்சர்மாரை ஆர் பேர் சொல்லிக் கூப்பிடுறது?”

விக்ரோரியாவின் பொறுமை அத்தோடு சரி. “உங்களுக்கெல்லாம் மூளை இருக்கோ? நாளைக்கு மந்திரியிட்டப் போய் சைக்கிள் மாஸ்ரரை விடுங்கோ எண்டு கேக்கிறதோ? அவையின்ர சோத்தைத் திண்டு படிச்சிருக்கிறியள், ஒரு பேர் தெரியாது. வெக்கமாயில்லையோ?”

“கோவியாதேங்கோ ரீச்சர்” என்றார் நவரத்தினம். “மரியாதையில வந்த பிழை.”

“மரியாதை முள்கம்பியை வெட்டாது, அண்ணை!”

பிறகு ஆளாளுக்குக் கைத்தொலைபேசியை எடுத்தார்கள். பாரிசுக்கும் ரொறொன்ரோவுக்கும் அழைப்புப் பறந்தது. கூடப் படித்தவர்களைக் குடைந்து கேட்டார்கள். ஏழு மணிக்குள் பதினேழு பேருக்குப் பெயர் கிடைத்தது. மிச்சம் இருபத்தாறு படிவங்களை விக்ரோரியா ஒருபக்கம் தள்ளிவைத்தார்.

பட்டியலைத் தட்டச்சுச் செய்துகொண்டிருந்த தங்கராணி நிமிர்ந்தாள். “அக்கா, இனி உங்கடதுதானே? மச்சாளின்ர பேரைச் சொல்லுங்கோ.”

“பேபி.”

“அது வீட்டுப் பேரெல்லே. முழுப்பேர்?”

விக்ரோரியாவுக்குத் தெரியாது. முப்பது வருடமாக நத்தார்ப் பண்டிகை வாழ்த்து அனுப்பியிருக்கிறார், எல்லாம் அண்ணன் பெயருக்கு. போன கிழமை முகாமிலிருந்து யாருடையதோ தொலைபேசியில் “பேபி கதைக்கிறன் மச்சாள்” என்று தொடங்கி இரண்டு நிமிடம் அழுதபோதும் கேட்கத் தோன்றவில்லை. அந்த இலக்கம் அதற்குப் பிறகு எடுபடவேயில்லை.

“உனக்குத் தெரியாதோ?”

“எல்லாருக்கும் அவ பேபி மச்சாள்தானே அக்கா.”

சற்றுமுன் இதற்காகத்தான் ஊரையெல்லாம் ஏசித் தீர்த்திருந்தார். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. எழுந்துபோய் நவரத்தினத்திடம் மைக்கைக் கேட்டு வாங்கினார்.

“முல்லைத்தீவில… பேபி ரீச்சரிட்டப் படிச்ச ஆரும் இருக்கிறியளோ?”

ஸ்கீவ என்ற ஊரிலிருந்து வந்திருந்த தவராஜா பின்வரிசையில் எழுந்தார். “நான் படிச்சனான் ரீச்சர். நாலாம் வகுப்பு. அருமையான மனுசி.” பள்ளிக்கூடத்தின் பெயரையும் சரியாகச் சொன்னார்.

“அவவின்ர பேர், தம்பி?”

தவராஜா கையைப் பிசைந்தார். “பேபி ரீச்சர் எண்டுதான்…”

ஒருவரும் சிரிக்கவில்லை. விக்ரோரியா மேசைக்குத் திரும்பி, தன் படிவத்தில் ‘பேபி ரீச்சர்’ என்று எழுதி, தள்ளிவைத்த இருபத்தாறோடு சேர்த்து வைத்தார்.