ஒட்டகக் கறி வெந்த முற்பகல்

...இருபத்தெட்டு, இருபத்தெட்டு என்றே ஐகானிமின் கையில் மாவு தேய்க்கும் கட்டை உருள்கிறது, கர்ப்பத்தின் முப்பத்திரண்டாவது வாரத்தில் வயிற்றை அளந்த நாடா அதற்குமேல் ஏற மறுத்தது, செவிலி தானாகுல் மறுபடி அளந்தாள், மறுபடியும் இருபத்தெட்டு சென்டிமீட்டர்தான், "பிள்ள வளரல ஐகானிம், ஒனக்கு ரத்தமும் இல்ல, வெறும் ரொட்டியும் டீயுமா ஓட்டினா எப்படி? கறி தின்னு." கறி... இதோ இரண்டடி தள்ளிக் கொப்பரையில் கொழுப்பு மினுங்க வேகிறதே, வறட்சியில் ஆடுகளையெல்லாம் விற்றுத் தீர்த்த வீட்டில் இரண்டு மாதத்துக்குப் பின் வந்த முதல் கறி, விருந்தாளிகளுக்கென்று வந்தது, அது ஒட்டகமாகவா இருக்க வேண்டும்? பிள்ளைத்தாய்ச்சி ஒட்டகக் கறி தின்றால் ஒட்டகத்தைப் போலவே பன்னிரண்டு மாதம் சுமக்க நேருமாம். சொன்னபோது தானாகுல் சிரித்தாள், சிரிக்க அவளுக்கென்ன, முதல் பெண்ணை அவளா கையில் ஏந்தினாள்? ஒரு கிலோ எண்ணூறு கிராம். தகப்பனின் தொப்பிக்குள் அடங்கிவிடும் உடம்பு, பதினொரு நாள்தான் உயிர், அழக்கூட வலுவில்லாமல்... வேண்டாம், மாவைப் பார், ஓரம் கிழிகிறது.

இன்னும் மெலிதாக வேண்டும். காலையில் மாமியார் உம்சின் கறியைத் துண்டுபோட்டபடி பக்கத்து வீட்டுக்காரியிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தாள், "இவ புருஷன் வயித்துல இருக்கறப்ப தெரியாம தின்னுட்டேன்டி. பதினோரு மாசம்! எறங்குவேனான்னுட்டான். நான் ஒட்டகத்துக்கு அடியில மூணு தரம் குனிஞ்சு போனப்புறம்தான் வெளிய வந்தான், நாலரை கிலோ!" "அதான்க்கா இப்பவும் உக்காந்த எடத்த விட்டு அசையமாட்டேங்கறான்," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி, இருவரும் சிரித்தார்கள், ஐகானிமும் சிரித்துவைத்தாள்... நாலரை கிலோ. கட்டை நின்றது. பதினொரு மாதம், நாலரை கிலோ, இதைத் தண்டனை என்று யார் சொன்னது? முதல் பெண் ஐந்து வாரம் முந்தி ஓடிவந்தவள், அவள் மட்டும் இன்னும் கொஞ்சம் உள்ளேயே இருந்திருந்தால்... கரண்டி எப்போது கைக்கு வந்தது, மூடி எப்போது திறந்தது, நாக்கு சுட்டது, விலாவோரத் துண்டு, இன்னொன்று, மென்றாளா விழுங்கினாளா, மருமகள் திருடித் தின்கிறாள், தின்னட்டும்...

வாசலில் நிழல். "உப்பு சரியா இருக்காம்மா?" "சரியா இருக்கு அத்தே." வாய் முந்திக்கொண்டது, தின்று பாராதவளுக்கு உப்பு எப்படித் தெரியும்? உம்சின் அவள் உதட்டு மினுமினுப்பைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள், விலகிக் கிடந்த மூடியைப் பாதி மட்டும் இழுத்து வைத்தாள். "விருந்தாளிங்க வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்," என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனாள்.

உள்ளே ஒரு சிறு உதை. இரு, என்றாள் ஐகானிம், இரு, அவசரமில்லை... சொன்ன பிறகுதான் உறைத்தது, இத்தனை மாதமும் பயத்தில் அந்தப் பிள்ளையிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்தது வேறு, எப்படியாவது சீக்கிரம் வெளியே வந்துவிடு என்று. அது கேட்டுக்கொண்டேதான் இருந்ததா?