முதலாளி உட்கார்ந்த டின்

எங்கள் டின் கம்பெனியில் தரம் பார்க்கும் இயந்திரம் என்று ஒன்று உண்டென்றால், அது என் வீட்டுக்காரர் சீனிவாசகம்தான். விருதுநகரில் எண்ணெய் வியாபாரம் இருக்கிறவரை டின்னுக்கு வேலை இருக்கும் என்று மாமனார் ஆரம்பித்த கம்பெனி. தகரத்தை வெட்டி, மடித்து, மூலைகளைப் பற்றவைத்து, பதினைந்து கிலோ எண்ணெய் பிடிக்கிற டின் செய்கிறோம். லோடு கிளம்பும் முன் அதிலிருந்து ஒரு டின்னை உருவி வாசலில் நிறுத்துவார்கள். முதலாளி வந்து அதன் மேல் உட்காருவார். உட்கார்ந்தபடியே ஒரு டீ குடிப்பார். டீ முடிகிறவரை டின் நசுங்காமல் நின்றால் லோடு போகலாம்.

கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும். மில்லில் சரக்கு வைக்கிற கிட்டங்கியில் எண்ணெய் நிரப்பிய டின்களை ஒன்றின் மேல் ஒன்றாக ஆறு அடுக்குவார்கள். அடியில் இருக்கிற டின் மேலே உள்ள ஐந்தையும் சுமக்க வேண்டும். இப்படி உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்த என் மாமனாரின் எடை அந்த ஐந்து டின்னையும் தாண்டும். மகனும் அவரை உரித்து வைத்தாற்போல வந்து சேர்ந்தார். எண்ணெய் மில்காரர்கள் எங்களிடம் விலை கேட்பதற்கு முன்னால், "அண்ணாச்சி உக்காந்தாகளா?" என்றுதான் கேட்பார்கள்.

என் மகன் சூர்யபிரகாஷ் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வந்து, டின்னை அமுக்கிப் பார்க்க மெஷின் வாங்கலாம் என்றான். "மெஷின் டீ குடிக்குமாலே?" என்று கேட்டு அவன் அப்பா பேச்சை முடித்துவிட்டார். அவனையே ஒருநாள் உட்காரச் சொல்லிப் பார்த்தோம். கம்பி மத்தாப்பு மாதிரி இருக்கிற பிள்ளை. அவன் உட்கார்ந்தது டின்னுக்கே தெரிந்திருக்காது.

போன வருஷம் தீபாவளி முடிந்த கையோடு வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்தது. மதுரையில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, எடையைக் குறைக்காவிட்டால் அடுத்த தடவை தன்னிடம் வந்துசேர நேரம் இருக்காது என்று சொன்னார். ஊர் திரும்பும் வழி முழுக்க அழுதேன். வீட்டுக்கு வந்ததும் அழுகையை நிறுத்திவிட்டு எண்ணெய்ச் சட்டியைத் தூக்கிப் பரணில் போட்டேன். அன்றிலிருந்து அவருக்குக் காலையில் கம்பங்கஞ்சி, ராத்திரி இரண்டே இட்லி. அவர் வழக்கமாகப் போகிற புரோட்டா கடைக்கும் நேரில் போய், இவருக்குப் புரோட்டா போட்டால் கடை முன்னாலேயே உட்கார்ந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு தொந்தரவு. என் கை மட்டும் பழைய அளவிலேயே ஆக்கிக்கொண்டிருந்தது. சோற்றைக் குப்பையில் கொட்ட எனக்கு மனசு வராது. அவர் பங்கையும் சேர்த்து நானே சாப்பிட்டேன்.

ஆடி மாதத்துக்குள் ஆள் பாதியாகிவிட்டார். சட்டை எல்லாம் தொளதொளவென்று தொங்கியது. எனக்கு அப்படி ஒரு பெருமை. வழக்கம்போல லோடு கிளம்பும், அவர் உட்காருவார், டீ குடிப்பார், எழுந்து போவார். அவர் டீயில் சர்க்கரை இல்லை என்பதைத் தவிர வேறெதையும் யாரும் யோசிக்கவில்லை.

தீபாவளி சீசன் ஆரம்பித்த நேரம் வேலுத்தாய் வந்து நின்றாள். எங்களிடம் அதிகம் டின் எடுக்கிற எண்ணெய் மில்லின் முதலாளி. சேலைக் கரையெல்லாம் எண்ணெய்.

"அண்ணாச்சி, அடி வரிசை பூராம் நசுங்கிப்போச்சு. கிட்டங்கிக்குள்ள கால் வைக்க முடியல, வழுக்குது."

"நான் உக்காந்து பாத்த டின்னும்மா அது!"

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அதான் பாக்கேன். பாதி அண்ணாச்சிதான இருக்கீக."

சூர்யபிரகாஷ் ஓடிப்போய்த் தகரத்தை அளந்து பார்த்தான். புதிதாக வந்த தகரம் மெல்லிசு. பழைய சீனிவாசகம் உட்கார்ந்திருந்தால் முதல் வாய் டீயிலேயே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

"கெட்டித் தகரத்துல செஞ்சு வைங்க. அடுத்த வாரம் வாரேன். ஆறடுக்குக்கு ஆள் உக்காந்து காட்டுனா எடுத்துக்கிடுதேன். இல்லன்னா சாத்தூர்ல ஆள் பாத்துக்கிட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் ஆர்டர் போனால் மற்ற மில்காரர்களும் பின்னாலேயே போய்விடுவார்கள்.

அன்று மத்தியானம் வீட்டுக்காரரைக் காணோம். எங்கே இருப்பார் என்று எனக்குத் தெரியாதா? பஸ் ஸ்டாண்ட் பக்கம், நான் எச்சரிக்காமல் விட்ட வேறொரு கடை. எண்ணெய்ப் புரோட்டாவை நொறுக்கிப் போட்டு, சால்னாவை ஊற்றி, முதல் வாய்க்குக் கை போய்விட்டது.

"சுப்பு, இது கம்பெனிக்காக" என்றார். முகத்தில் அத்தனை சந்தோஷம், பாவி மனுஷனுக்கு.

இலையை என் பக்கம் இழுத்தேன். "கம்பெனி போனா இன்னொரு கம்பெனி வைக்கலாம். நீங்க போனா நான் எங்கன போய் வாங்குவேன்?"

அவர் கையைக் கழுவிவிட்டு வந்தார். கண் கலங்கியிருந்தது. "அப்பா வச்ச கம்பெனி. உக்கார ஆளில்லாமப் போச்சுன்னு பேரு வந்துரக் கூடாது சுப்பு."

எனக்கும் துக்கம்தான். புரோட்டாவை வீணாக்க முடியுமா? அந்தத் துக்கத்தோடேயே சாப்பிட்டு முடித்தேன்.

மறுவாரம் சொன்னபடி வேலுத்தாய் வந்தாள். மெஷின் வர ஒரு மாதமாவது ஆகும் என்று சூர்யபிரகாஷ் கையைப் பிசைந்தான். வாசலில் டின் தயாராக நின்றது. வீட்டுக்காரர் அதன் பக்கத்தில் நின்றுகொண்டு, உட்காரவும் மாட்டாமல் நகரவும் மாட்டாமல் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

தகரம் எடை போடுகிற மேடை பக்கத்திலேயே இருந்தது. ஒரு வருஷமாக நான் அதைச் சுற்றிக்கொண்டுதான் நடக்கிறேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் அதில் ஏறி நின்றேன். காட்டிய எண்ணை இங்கே எழுதமாட்டேன். பழைய சீனிவாசகத்தைத் தாண்டிவிட்டேன் என்பது போதும். அவர் உடம்பிலிருந்து இறங்கியது வீட்டை விட்டு வெளியே எங்கும் போகவில்லை.

"முதல்ல அந்த மெல்லிசுத் தகர டின்னைக் கொண்டாங்கலே" என்றேன்.

உட்கார்ந்தேன். டின் மடங்கிப்போய் என்னைத் தரையில் இறக்கியது. வேலையாட்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவர் அப்படிச் சிரிப்பது அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்புக்காக இன்னும் நாலு டின் மேல் உட்காரலாம் என்று இருந்தது.

பிறகு கெட்டித் தகர டின். அசையவில்லை. "டீ" என்றேன். சர்க்கரை தாராளமாகப் போட்டு வந்தது. கடைசிச் சொட்டு வரை நிதானமாகக் குடித்தேன்.

"மதினி உக்காந்தாச்சு, லோடை ஏத்துங்கலே" என்றாள் வேலுத்தாய்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இனி நான்தான் கம்பெனியின் இயந்திரம், இனி எல்லா லோடுக்கும் எனக்கொரு டீ என்று சொல்லிக்கொண்டே எழுந்தேன். எழும்போது மூச்சு வாங்கியது. டின்னைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

வீட்டுக்காரரின் சிரிப்பு நின்றுவிட்டது. என் கையிலிருந்த டம்ளரை வாங்கி, அடியில் ஒட்டியிருந்த சர்க்கரையைப் பார்த்தார்.

"நாளையிலருந்து உனக்கும் கம்பங்கஞ்சிதான்" என்றார்.

"அப்ப டின்னுக்கு?"

அவர் மகன் பக்கம் திரும்பினார்.

"ஏலே சூர்யா, அந்த மெஷினுக்கு இன்னைக்கே ஆர்டர் போட்ருலே."