நாணேற்றும்போது சொன்ன பேர்

என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். கோவில்பட்டியில் தீப்பெட்டி பண்டல் ஏற்றிக்கொண்டு வடக்கே போனவர் நாலு வருடமாகத் திரும்பவில்லை. நாக்பூர் தாண்டி ரோட்டோரம் லாரி நின்றது. சாவி அதிலேயே இருந்தது. டிபன் பாக்ஸ் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. ஆள் மட்டும் இல்லை.

இந்த ஆடி பிறந்ததும் கொழுந்தன் மணிராஜ் வீட்டுக்கு வந்தார். "மதினி, கருமாதிய முடிச்சிருவோம். அண்ணன் அலையக் கூடாதுல்லா" என்றார்.

"செத்துட்டாவன்னு யாரு பாத்தா?" என்று கேட்டேன். எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். இருக்கிறாரா, இல்லையா.

நான் கடலைமிட்டாய் கம்பெனியில் பாக்கெட் போடுகிறேன். பக்கத்தில் உட்காருகிற பெண்ணின் அண்ணன் வில்லுப்பாட்டில் குடம் அடிக்கிறவர். அவர் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார். பசுவந்தனைக்கு அந்தப் பக்கம் வில்லுப்பாட்டுக்கு வில் செய்கிற புருஷன் பெண்டாட்டி இருக்கிறார்களாம். புது வில்லுக்கு முதல் நாண் ஏற்றும்போது, செத்துப்போன ஒருவர் பேரைச் சொல்ல வேண்டுமாம். யாரும் தொடாமலே வில்லில் கட்டின மணி ஆடுமாம். ஆனால் அந்த வில்லைச் செதுக்கினவர்கள்தான் பேர் சொல்ல முடியும்.

மணி ஆடினால் அவர் இல்லை, ஆடாவிட்டால் இருக்கிறார் என்று கணக்குப் போட்டேன். கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு வில் செய்யப் படிக்கப் போனேன்.

மினி பஸ்ஸை விட்டு இறங்கி கரிசல் காட்டு வழியே நடக்க வேண்டும். மழை இல்லாமல் நிலம் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது. ஆடிக் காற்று ஆளைத் தள்ளியது. கம்மாய்க் கரையில் ஒற்றை வீடு. வெயிலுமுத்துவுக்கும் அவர் மனைவி பாண்டியம்மாளுக்கும் என்னைவிட வயது குறைவுதான். வேலை படிக்க வந்தேன் என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. தங்க இடம் கொடுத்தார்கள்.

முற்றின பனையில் வெளிக்கட்டை மட்டும்தான் வில்லுக்கு ஆகும். உள்ளே சோறு மாதிரி இருப்பதை எடுத்து எறிந்துவிட வேண்டும். கட்டையைக் கம்மாய்ச் சகதியில் புதைத்து எடுத்து, தீயில் வாட்டி, அடித்த முளைகளுக்கு நடுவே வளைத்துக் கட்ட வேண்டும். அப்புறம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே கனத்துக்கு வரும்வரை விடக்கூடாது.

"யக்கா, வில்லு செதுக்குதீயளா, முருங்கைக்காய் சீவுதீயளா?" என்பாள் பாண்டியம்மாள்.

"அவியளாவது சீவுதாவ. நீ மொத மொத செதுக்குனது உலக்கைல்லா" என்பார் வெயிலுமுத்து.

"அத வச்சு அன்னைக்கே உங்களுக்கு ரெண்டு போட்டிருக்கணும். விட்டது எந் தப்பு."

சிரிப்பார்கள். ஆனால் உச்சிவெயில் வந்துவிட்டால் இருவரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். உளியைக் கீழே வைத்துவிட்டு வில்லைத் துணி போட்டு மூடுவார்கள். நிலவெடிப்பின் மேல் வில்லைக் கிடத்தவே விடமாட்டார்கள்.

எனக்குக் காரணம் புரியவில்லை. ஒரு மத்தியானம் அவர்கள் பார்க்காத நேரம் உளிப்பிடியால் கட்டையைத் தட்டினேன். டொக். கொஞ்சம் கழித்து என் காலடியில், வெடிப்புக்குள்ளிருந்து, டொக் என்று வந்தது. எதிரொலி என்று நினைத்துக்கொண்டேன். அந்த வெட்டவெளியில் எதிரொலி எப்படி வரும் என்று அப்புறம்தான் தோன்றியது. அதற்குப் பிறகு தட்டவில்லை.

முதல் நாணை மட்டும் உச்சியில்தான் ஏற்ற வேண்டுமாம். ஒரு செவ்வாய்க்கிழமை உச்சியில் ஏற்றினோம். வெயிலுமுத்து வில்லை முழங்காலில் அழுத்திப் பிடிக்க, நானும் பாண்டியம்மாளும் முறுக்கின தோல் நாணை இழுத்து மாட்டினோம். குடத்தின் மேல் வில்லைக் கிடத்தி மணிகளைக் கட்டினோம். அதுவரை அடித்த காற்று நின்றுவிட்டது. வேலி முள்ளில் சிக்கின பாலிதீன் பை கூட அசையவில்லை.

"யாரு பேரக்கா சொல்லப் போறீய?" என்று கேட்டார் வெயிலுமுத்து.

"எங்க வீட்டுக்காரரு பேரு."

"அவிய இறந்துட்டாவளா? சொல்லவே இல்லையே."

"தெரியாது தம்பி. அது தெரியத்தான் வந்தேன்."

பாண்டியம்மாள் தலையில் கையை வைத்தாள். "ஐயய்யோ யக்கா, பாதியக் கேட்டுட்டு வந்திருக்கீயளே! செத்தவிய பேருக்கு மணி ஆடும். உசுரோட இருக்கவிய பேரச் சொன்னாலும் ஆடும். ஆனா வில்லு தேடிப் போயி அவியளக் கூட்டிட்டுப் போயிரும். அந்த வெளாட்டே வேண்டாம். ஏத்துன நாண பேரு சொல்லாம இறக்கவும் கூடாது. உங்க அம்மா இறந்தவியதான? அவிய பேரச் சொல்லுங்க."

சரி என்று தலையாட்டினேன். அம்மா பேரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் நாலு வருடமாக நெஞ்சுக்குள் ஓடினது வேறு பேச்சு. அதுதான் வந்தது.

"சீனி அப்பா."

அவர் பேரை நான் சொன்னதே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். ரேஷன் கடையில் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவர்களைச் சொல்லச் சொல்வேன். காணவில்லை என்று எழுதிக் கொடுக்கப் போனபோது கூட ஆதார் கார்டைத்தான் நீட்டினேன். சீனி என் மகன். ஸ்பின்னிங் மில்லில் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு பகலில் வீட்டில் தூங்குகிறவன். வில் முதல் சொல்லை எடுத்துக்கொண்டது.

ஓரத்து மணி ஒன்று ஆடியது. அப்புறம் பக்கத்து மணி. என் போன் அடித்தது.

"யம்மா, வீட்டுக்கு வந்துட்டியா? எதுக்கு வெளிய நின்னு கத்துத?" சீனியின் குரல் தூக்கக் கலக்கத்தில் இருந்தது.

"ஏலே, நான் பசுவந்தனைப் பக்கம் இருக்கேன்ல."

"வெளையாடாத. உஞ் சத்தந்தான். சீனி, சீனின்னு கூப்பிடுத. கூட மணிச் சத்தம் வேற. நான் வாரேன்னு சொல்லிட்டேன்."

"கதவத் திறக்காத! சீனி, திறக்காதல!"

"காலு தானாப் போகுதும்மா" என்றான். கலக்கம் போய் இப்போது பயம் வந்திருந்தது. போனிலும் மணி கேட்டது. எதிரே வில்லிலும் அதே மணி.

வெயிலுமுத்து நாணைக் கழற்றப் பாய்ந்தார். இரண்டு கையால் இழுத்தும் அது நகரவில்லை. நான், "எங்கம்மா பேரச் சொல்லட்டா?" என்று கத்தினேன்.

"இனிமே வேற பேரு செல்லாதுக்கா! நீங்க யார நெனச்சுச் சொன்னீயளோ அவிய பேருதான் செல்லும். அண்ணாச்சி பேரச் சொல்லுங்க. இல்லன்னா பிள்ளையக் கொண்டு போயிரும்!" என்று அலறினாள் பாண்டியம்மாள்.

எங்கேயோ ஒரு ஊரில், ஒரு டீக்கடையில், அவர் உட்கார்ந்திருப்பதாகத்தான் நாலு வருடமும் நினைத்திருந்தேன். அந்த நிமிஷமும் அப்படித்தான் தெரிந்தார். கையில் டம்ளர் இருந்தது. போனில் தாழ்ப்பாள் நகருகிற சத்தம் கேட்டது.

"கார்த்திகேசன்" என்றேன்.

எல்லா மணியும் ஒரே நேரத்தில் ஆடி, ஒரே நேரத்தில் நின்றன. நாண் வெயிலுமுத்துவின் கையோடு சாதாரணமாகக் கழன்று வந்தது.

"யம்மா," என்றான் சீனி, "வெளிய யாருமில்ல. சத்தம் நின்னுட்டு. நீ எதுக்கு அழுத?"

பாண்டியம்மாள் தண்ணீர் கொண்டு வந்தாள். "அவிய முன்னாலேயே போயிருப்பாவக்கா. அப்படித்தான் இருக்கும். மனசப் போட்டு அலட்டிக்கிடாதீய" என்றாள். அவள் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அவள் சொல்வது சரியாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள இனி எனக்கு வழியில்லை.

ஊருக்குத் திரும்பியதும் கருமாதிக்குச் சம்மதம் சொன்னேன். மணிராஜ் காலண்டரோடு வந்து உட்கார்ந்தார். "போன தேதி தெரியாதவியளுக்கு அமாவாசைதான் மதினி திதி. வருசா வருசம் அன்னைக்கே கும்பிட்டுக்கிடலாம்."

"அமாவாசை வேண்டாம். போன செவ்வாய்க்கெழம என்ன திதின்னு பாருங்க."

"போன செவ்வாயா? நாலு வருசத்துக்கு முன்னால காணாமப் போனவியளுக்கா?"

"பாருங்களேன்."

தாளைத் திருப்பி விரலை வைத்தார். "சஷ்டி."

"அப்ப கார்த்திகேசனுக்கு அதான் திதி" என்றேன்.

மணிராஜ் காலண்டரை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அண்ணன் பேரை நான் சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.