மேலே போயிட்டார்

மகள் போனின் மேல் உட்கார்ந்துகொண்டாள். அவளுடைய போன் அல்ல, அப்பாவுடையது. அது தொடைக்கு அடியில் விடாமல் அதிர்ந்தது.

"என்னம்மா, நாற்காலிக்குக் குளிர் ஜுரமா?" என்றார் அப்பா. மூக்கில் செருகியிருந்த குழாய் அவருடைய சிரிப்பைப் பாதியில் நிறுத்தியது. "போனைக் குடு."

"சார்ஜ் இல்லப்பா."

"சார்ஜ் இல்லாமத்தான் இந்த ஆட்டம் ஆடுதா?"

அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். எப்படிச் சொல்வது? உங்களுக்கு இரங்கல் தெரிவித்துக்கொண்டிருக்கிறார்கள், முடிந்ததும் தருகிறேன் என்றா?

எல்லாம் அவள் போட்ட ஒரு வரியில் ஆரம்பித்தது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். அம்மா உயிரோடு இருந்தவரை, வீட்டுக்கு யார் போன் செய்தாலும் ஒரே பதில்தான். "அவர் மேலே போயிட்டார். இறங்கினதும் பேசச் சொல்றேன்." ஏதோ ஒரு கட்டடத்து உச்சியில், மெஷின் ரூமில், கிரீஸ் கையோடு இருக்கிறார் என்று அர்த்தம். அந்த வீட்டில் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தமே கிடையாது.

இன்று காலை டாக்டர் அவளைத் தனியே கூப்பிட்டார். "இருதயம் ரொம்பத் தளர்ந்துடுச்சு. மேலே தனி ரூமுக்கு மாத்திடலாம். பார்க்கணும்னு இருக்கிறவங்களை வரச் சொல்லிடுங்க."

ஸ்ட்ரெச்சரை லிஃப்டில் ஏற்றியபோது நாலைந்து பேர் கூடவே இடித்துக்கொண்டு நுழையப் பார்த்தார்கள். படுத்தபடியே அப்பா உத்தரவு போட்டார். "மூடுற பட்டனை அமுக்கிப் பிடிம்மா. பழைய மாடல் இது. நீ விரலை எடுக்கிற வரைக்கும் வெளியே எவன் தலைகீழா நின்னாலும் திறக்காது." அவள் பிடித்தாள். கதவு மூடிக்கொண்டது. அப்பா கண்ணடித்தார்.

மேலே வந்ததும், ஒரு கையில் மருந்துப் பையோடு, மறு கைக் கட்டைவிரலால் குடும்ப குரூப்பில் தட்டினாள். 'அப்பா மேலே போயிட்டார்.' அடுத்த வரியில் ரூம் நம்பரைப் போடுவதற்குள் நர்ஸ் கையெழுத்துக்குக் கூப்பிட்டுவிட்டாள்.

திரும்பி வந்தபோது அப்பா செத்துப்போயிருந்தார். குரூப்பில்.

கூப்பிய கைகள். எரிகிற மெழுகுவர்த்தி. ஒரு ரோஜாப்பூ. 'ஆழ்ந்த இரங்கல்' என்று அத்தை மகன். 'அன்னாரது பிரிவால் வாடும் குடும்பத்தினருக்கு' என்று யாரோ யாருக்கோ எழுதியதை, ஃபார்வர்டு முத்திரைகூட மறையாமல் தள்ளிவிட்டிருந்தார் பெரியம்மாவின் மருமகன்.

அவள் பதறிப்போய் அடித்தாள். 'ஐயோ, ரூம் மாத்தியிருக்காங்க! நாலாவது மாடி. அப்பா உயிரோட இருக்கார்!'

அதற்கு உடனே பதில் வந்தது. 'தைரியமா இரும்மா.'

அதற்கும் கீழே இன்னொரு மெழுகுவர்த்தி. எல்லோர் கண்ணும் முதல் வரியில் நின்றது, எல்லோர் விரலும் கடைசி வரியில் ஓடியது. நடுவில் உயிரோடு கிடந்த ஒரு மனிதரை யாரும் பார்க்கவில்லை. ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு போன்? கிடையாது.

அப்போதுதான் தம்பியின் ஸ்டேட்டஸ் கண்ணில் பட்டது. அப்பாவின் படம். சுற்றிலும் கறுப்புக் கட்டம். 'என் ஹீரோ.'

அவள் எழுந்து வராந்தாவுக்குப் போய் அவனைக் கூப்பிட்டாள்.

"அக்கா…" என்று அழுகுரலில் ஆரம்பித்தான்.

"வாயை மூடுடா. அப்பா உள்ளே கஞ்சி குடிச்சிட்டுப் படுத்திருக்கார்."

"என்ன சொல்றே? நீதானே போட்டே?"

"மேலே போயிட்டார்னா நம்ம வீட்ல என்னடா அர்த்தம்?"

"அதுக்கு வேற என்னக்கா அர்த்தம்?"

"உனக்குமா தெரியாது? சரி, செத்தே போயிட்டார்னு வெச்சுக்கோ. எனக்கு ஒரு போன் பண்ணத் தோணலையா? ஸ்டேட்டஸ் போட மட்டும் விரல் வந்துதா?"

"இல்லக்கா… எல்லாரும் போட்டுட்டாங்க. சொந்தப் பிள்ளை நான் லேட்டாப் போட்டா நல்லா இருக்காதுன்னு…"

"கறுப்புக் கட்டமெல்லாம் கட்டி, படத்தையும் தேடி எடுத்திருக்கே. அந்த நேரத்துல பாதி தூரம் வந்திருக்கலாம்."

"இப்பவே கிளம்பறேன்."

"கிளம்பு. முதல்ல அந்தக் கட்டத்தை எடு."

அறைக்குத் திரும்பியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். நாற்காலி காலி. போன் அப்பாவின் கையில்.

"சிஸ்டர்தான் எடுத்துக் குடுத்தாங்க," என்றார். போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, விரலால் மெதுவாக மேலே தள்ளிக்கொண்டிருந்தார். "பரவாயில்லையே. நல்ல கூட்டம்."

"அப்பா, அது வந்து…"

"இவனைப் பாரு, உன் சித்தப்பனை. 'தெய்வமா இருந்தீங்க அண்ணே'ங்கிறான். அடுத்த தெருவுல இருக்கான். தெய்வத்தைப் பார்க்க ஒரு நாள் வந்தானா?" இன்னும் கொஞ்சம் தள்ளினார். "சாயந்திரம் என்னை எடுக்கிறாங்களாமே. நேரம்கூடக் குறிச்சாச்சு. எனக்குத்தான் யாரும் சொல்லலை."

சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. மைக் படத்தை அழுத்திப் பிடித்து, போனை வாய்க்கு அருகில் கொண்டுபோனார்.

"நான்தான் பேசறேன். நாலாவது மாடியில இருக்கேன். வர்றவங்க லிஃப்ட்லயே வரலாம். நல்லாத்தான் ஓடுது."

விரலை எடுத்தார். போனை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். "கேட்டா வருவாங்க."

முதல் பதில் அத்தை மகனிடமிருந்து வந்தது. 'மாமாவோட குரல்… பழைய ரெக்கார்டிங்தானே அக்கா? மனசைப் பிசையுது.' கீழே அழுகிற முகங்கள் வரிசை கட்டின. ஒருவர் அந்தக் குரலுக்குக் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்.

அவள் ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தாள். அத்தை மகன் எடுக்கவில்லை. 'மீட்டிங்கில் இருக்கிறேன்' என்று தானாக ஒரு செய்தி வந்தது. பெரியம்மா வீட்டில் மணி அடித்து ஓய்ந்தது. சித்தப்பா எடுத்தார். "அழாதேம்மா, அண்ணன் எங்கயும் போகலை, நம்மகூடத்தான் இருக்கார்," என்றார். "ஆமா சித்தப்பா, நாலாவது மாடியில இருக்கார்!" என்று கத்துவதற்குள், "சாயந்திரம் எடுக்கிற நேரத்துக்கு நேரா ஆஸ்பத்திரி கீழே வந்துடறேன்" என்று வைத்துவிட்டார்.

மத்தியானம் முழுக்க வராந்தாக் கோடியில் லிஃப்ட் மணி டிங் என்று அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் அப்பா வாசல் பக்கம் தலையைத் திருப்பினார். மருந்து டிராலி. சாப்பாட்டுத் தட்டு. பக்கத்து ரூமுக்கு வந்த பெரிய குடும்பம் ஒன்று.

"தம்பி வந்துட்டிருக்கான்பா."

"ம். வரட்டும், வரட்டும்."

ஜன்னலில் வெயில் சாய்ந்தது. லிஃப்ட் மணி அடித்தது. அப்பா தலையைத் திருப்பவில்லை.

அவள் அவர் தோளைத் தொட்டாள். கன்னத்தைத் தொட்டாள். பிறகு வாசலுக்குப் போய் நர்ஸைக் கூப்பிட்டாள்.

எல்லாம் முடிந்து வெள்ளைத் துணி போர்த்திய ஸ்ட்ரெச்சரை லிஃப்டுக்குள் தள்ளினார்கள். வார்டு உதவியாளர் கீழ்த்தளத்துப் பட்டனை அழுத்தினார். அவள் குரூப்பைத் திறந்தாள். என்னவென்று அடிப்பது? இருந்த வார்த்தைகளையெல்லாம் காலையிலேயே செலவழித்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் அப்பா வேலை முடிந்து இறங்கும்போது, அவர் குளிக்கச் சுடுதண்ணீர் போடுவதற்கு முன்னால் அம்மா சொல்வது ஞாபகம் வந்தது. அதையே அடித்தாள்.

'அப்பா கீழே வர்றார்.'

போகவில்லை. லிஃப்டுக்குள் சிக்னல் இல்லை. வரிக்குப் பக்கத்தில் சின்னக் கடிகாரம் மட்டும் நின்றது. காலையிலிருந்து முதல் தடவையாக அப்பாவின் போனும் அவள் கையில் சும்மா இருந்தது.

லிஃப்ட் குலுங்கி நின்றது. கதவிலிருந்த கண்ணாடிக் கீற்று வழியாக வெளியே பார்த்தாள். சித்தப்பா, அத்தை மகன், பெரியம்மாவின் மருமகன். குறித்த நேரத்துக்குச் சரியாக வந்திருந்தார்கள். தம்பி இன்னும் வந்து சேரவில்லை. அத்தை மகன் போனை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்து, கதவையே குறி பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் கை நீட்டி, மூடுகிற பட்டனை அமுக்கிப் பிடித்தாள்.

"அக்கா, கீழே வந்தாச்சு," என்றார் உதவியாளர்.

"தெரியும்ணே."

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். அவள் மறு கையால், நழுவியிருந்த வெள்ளைத் துணியை அப்பாவின் தோள் வரை இழுத்துவிட்டாள்.

விரலை எடுக்கவில்லை.